ராயர் பக்கம் நின்றவர்

தலைக்கோட்டைப் போரில் அப்துல் கையூம் எப்போதும் விஜயநகரத்தின் பக்கம்தான் நின்றார். எதிரே நான்கு சுல்தான்களின் படைகளையும் நடத்தியவர் சசிதர். போர்க்களம் கணபதி என்ற பகுதியில் சசிதர் வீட்டு மாடியில் இருந்தது. ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசை, அதன் மேல் பச்சைச் சாயம் போட்ட திருப்பூர் பனியன் துணி, மேடுகளுக்காகத் துணிக்கு அடியில் செருகிய தடித்த புத்தகங்கள். கிருஷ்ணா நதியை நீலக் கண்ணாடித்தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். வீரர்கள் ஓர் அங்குல உயரம். யானைகள் மட்டும் கொஞ்சம் பெரியவை.

சசிதர் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தார். பம்புசெட்டுகளுக்கு வேண்டிய வார்ப்புகள் அங்கே உருவாயின. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தாத்தா காலத்தில் பருத்தி வயலை விற்றுவிட்டு இரும்புக்கு வந்தவர்கள். இளவயதில் பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்தில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தலை நரைத்த ஆண்கள் ஒரு கூடத்தில் கூடி ஈயச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை மறுபடியும் நடத்துவதைப் பார்த்தார். திரும்பி வரும்போது ஒரு பெட்டி சிப்பாய்களும், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் போர்களுக்கான விதிப்புத்தகம் ஒன்றும் அவரோடு வந்தன. கூட ஆடத்தான் ஆள் இல்லை. பெட்டி பல வருடம் பீரோ மேல் கிடந்தது.

சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று தேவைப்பட்டபோதுதான் பெரிய கடை வீதியில் கையூமின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்.

"எதுக்குங்க இது? வாட்ச் ரிப்பேருக்குங்களா?"

"இல்லீங்க. பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கோணும்."

"கொழந்தைக்குங்களா?"

"எனக்குத்தானுங்க" என்றார் சசிதர், கொஞ்சம் கூச்சத்தோடு.

கையூம் சிரிக்கவில்லை. "ஒண்ணு கொண்டாந்து காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்தது. முதலில் இத்தாலியில் பாவியா என்ற ஊரில் நடந்த போரை ஆடினார்கள். பிரெஞ்சு ராஜா பிடிபட்ட போர் அது. நாலைந்து தடவை பிரெஞ்சு ராஜாவைப் பிடித்தும் தப்பவிட்டும் பார்த்த பிறகு கையூம் கேட்டார்: "ஏனுங்க சசி, இதே காலத்துல நம்ம பக்கம் யாரும் சண்டை போடலீங்களா?" அதன் பிறகு இருவரும், விஜயநகரத்து ராயர் பிடிபட்டுத் தலையிழந்த தலைக்கோட்டைப் போரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தார்கள். பவுண்டரியின் ஒரு மூலையில் சசிதர் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்தார். கையூம் கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் வர்ணம் தீட்டினார். யானைகளின் நெற்றிப்பட்டத்தில் அவர் வைத்த சிவப்புப் புள்ளிகளை வெறும் கண்ணால் பார்க்க முடியாது.

"நான் பெயிண்ட் அடிச்ச யானைய நான்தானுங்க ஓட்டுவேன்" என்று முதல் ஆட்டத்திலேயே ராயர் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்னார் இந்தப் பக்கம் நிற்கிறாரே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. சசிதரின் மனைவி ராமாமணி காப்பி கொண்டுவரும்போது, "பாயண்ணா, இன்னைக்காவது ராயர் தலை தப்புச்சுங்களா?" என்று கேட்பாள். பெரும்பாலும் தப்பாது. தப்பிய நாளில் கையூம் இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடிப்பார்.

ஆட்டத்தில் ஒரு விதி கையூம் சேர்த்தது. ராயர் படையில் இருந்த இரண்டு முஸ்லிம் தளபதிகள் பாதிப் போரில் எதிர்ப்பக்கம் போய்விட்டதாகச் சில புத்தகங்களில் இருந்தது. சிலவற்றில் அந்தப் பேச்சே இல்லை. "நடந்துச்சோ என்னமோ, யாரு கண்டாங்க. ஒரு சான்ஸ் வெச்சுப்போடுவோமுங்க" என்றார் கையூம். "அஞ்சாவது ரவுண்டுல ராயர் பக்கம் ஆடறவன் ஒரே ஒரு தாட்டி பகடை உருட்டோணும். ஆறு விழுந்தா ரெண்டு பேரும் போகட்டும். இல்லீன்னா கடைசி வரைக்கும் ராயரோடதான்." எப்போதாவது ஆறு விழும். அப்போது அந்த இரண்டு பொம்மைகளையும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "அடப் பாவிகளா, உங்களுக்குத்தானடா நல்ல பச்சையா பார்த்து அடிச்சேன்" என்று திட்டிவிட்டு எதிர்ப்பக்கம் வைப்பார். சசிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றேழில் ஊரில் பேச்சு மாறியிருந்தது. கடை வீதியில் பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பதில்கூட ஒரு யோசனை வந்தது. கையூம் கடையை இருட்டுவதற்கு முன்பே சாத்தத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. மாடிக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இருவரும் ஊரை மறந்துவிடுவார்கள்.

அந்த ஆகஸ்டில் சுதந்திரப் பொன்விழாவுக்காகத் தொழிலதிபர்கள் சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரலாற்றுக் கண்காட்சி வைத்தது. சங்கச் செயலாளர் அழகிரிசாமி பம்புசெட் கம்பெனிக்காரர். சசிதரின் வார்ப்புகளில் பாதிக்கு மேல் வாங்குகிறவர் அவர்தான். மாடியில் ஒருமுறை அந்த மேசையைப் பார்த்தவர், அதைக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்றார். சசிதருக்கும் கையூமுக்கும் தலைகால் புரியவில்லை. சசிதர் புதிதாகக் குதிரைகள் வார்த்தார். பழைய யானைகளுக்கு மறுபடி வர்ணம் ஏறியது.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் அழகிரிசாமி சசிதரைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"சசி, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ராயர் பக்கம் யாரப்பா ஆடறது?"

"கையூம் பாயுங்க."

அழகிரிசாமி நாற்காலியில் சாய்ந்தார். "ஏனப்பா, ராயர் சேனைய ஒரு பாய் நடத்தினா பாக்கற சனம் கொழம்பிப் போகாதா? மாத்திப்போடு. நீ ராயர், அவரு சுல்தான். எல்லாத்துக்கும் சுலபமாப் புரியும்."

"அவரு எப்பவும் ராயர்தானுங்க. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்."

"வெளையாட்டுத்தானப்பா இது. எந்தப் பக்கம் நின்னா என்ன?"

விளையாட்டுத்தான். அதைச் சசிதரால் மறுக்க முடியவில்லை. "பாய்கிட்டக் கேட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்து வந்தார்.

கடையில் கையூம் ஒரு பிரேமுக்குள் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருந்தார். சசிதர் மழையைப் பற்றிப் பேசினார். மின்வெட்டைப் பற்றிப் பேசினார். கையூம் நிமிர்ந்து பார்த்து, "என்னமோ சொல்ல வந்தீங்க, சொல்லுங்க" என்றார்.

சொன்னார். கையூம் கண்ணாடியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

"பாய்கிட்டக் கேட்டுச் சொல்றன்னேனுங்க."

"அப்ப முடியாதுன்னு நான் சொல்லோணுமுங்களா?"

சசிதர் வெளியே பார்த்தார். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கையூம் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சரி விடுங்க. ஒரு தாட்டி சுல்தானாவும் இருந்து பாத்துக்கறேன்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்ட ராமாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "முடியாதுன்னு நீங்களே சொல்லியிருக்கலாமுங்க. அண்ணன் வாயில இருந்து வரட்டும்னா இருந்தீங்க?"

"அவரு ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

"எடுத்துக்கலையா, காட்டிக்கலையா?"

கண்காட்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. காலையில் குழந்தைகள் மட்டும் வந்தார்கள். கையூம் அவர்களுக்கு யானைகளைக் கையில் எடுத்துக் காட்டினார். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, ராயர் ஏன் பல்லக்கில் இருக்கிறார், குதிரை ஏறத் தெரியாதா என்று கேட்டாள். "ரொம்ப வயசாயிருச்சு கண்ணு. ஆனா சண்டைக்கு நானும் வாரேன்னு வந்துட்டாரு" என்றார் அவர். சசிதருக்கு மனம் லேசானது. நாள் நன்றாகப் போய்விடும் என்று நினைத்தார்.

ஆட்டம் மதியம் தொடங்கியது. அதற்குள் பெரியவர்கள் கூட்டம் மேசையைச் சுற்றி வளைத்திருந்தது. அழகிரிசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டார். "ராயர் தரப்பில் நம்ம சசிதர்! சுல்தான்கள் தரப்பில் அப்துல் கையூம்!" முதல் பெயருக்குக் கைதட்டல் எழுந்தது. இரண்டாவது பெயருக்கு யாரோ பின்னாலிருந்து ஊளையிட்டார்கள், சிலர் சிரித்தார்கள்.

ஆட்டக்காரர்கள் இருவரும் அளவுகோலை வைத்துத் தூரம் அளந்தார்கள். படைகளை நகர்த்தினார்கள். பீரங்கி தாக்கியதா, குதிரைப்படை மிரண்டு திரும்பியதா என்று பகடை சொன்னது. சுல்தான் படையில் ஒரு வரிசை விழுந்து கையூம் அதை மேசையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. ராயர் படையில் விழுந்தால் முணுமுணுத்தது. கையூம் தலையைத் தூக்கவே இல்லை. சசிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக ஆட்டத்தின் நடுவே இருவரும் ஓயாமல் பேசுவார்கள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாவது சுற்று வந்தது. பகடை விதியை ஓசைப்படாமல் விட்டுவிடலாம் என்று சசிதர் எண்ணியிருந்தார். ஆனால் முன்வரிசையில் நின்ற ஒருவன் குரல் கொடுத்தான். அழகிரிசாமியின் அக்கா மகன். முப்பது வயது இருக்கும், கூட்டாளிகளோடு வந்திருந்தான்.

"அந்த ரெண்டு துரோகிக எங்கீங்க? அவுனுக எப்பக் கட்சி மாறுவானுக?"

"இதோ, இப்பத்தான் அந்தக் கட்டம்!" என்றார் அழகிரிசாமி மைக்கில்.

வேறு வழியின்றிச் சசிதர் விதியை விளக்கினார். பகடையை உருட்டினார். இரண்டு விழுந்தது.

"மாறலீங்க. ரெண்டு பேரும் ராயரோடயேதான் இருக்காங்க."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். "அதெப்படி? புஸ்தகத்துல இருக்குதல்ல?" "பாய்க்குப் பயந்துட்டு ஏமாத்தறாரு." "மறுபடி உருட்டச் சொல்லுங்க!" அழகிரிசாமி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சசிதரின் காதருகே குனிந்தார். "கொழந்தைகளுக்கு வரலாறு காட்டோணுமல்லப்பா. இன்னொருக்கா உருட்டிப்போடு, முடிஞ்சுது."

சசிதர் பகடையைப் பார்த்தார். மேசையின் மறுபுறம் கையூம் நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் உருட்டினார். நான்கு. மறுபடி உருட்டினார். ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை தடவை உருட்டினார் என்பது அவருக்கே நினைவில்லை. ஆறு விழுந்தபோது மண்டபம் கைதட்டியது. ஜெயிக்க வேண்டும் என்று அவர்கள் கத்திக்கொண்டிருந்த படைதான் இப்போது பாதியாக உடைந்தது, அதற்குத்தான் கைதட்டினார்கள்.

சசிதரின் கை அந்தத் தளபதிகளிடம் போகவில்லை. கையூமே மேசையின் மேல் சாய்ந்து, இரண்டு பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்தார். திட்டவில்லை.

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தைச் சசிதர் அதற்கு முன் பார்த்ததில்லை. பீரங்கிகளை நடுவில் கொண்டுவந்தார். யானைகள் மிரண்டு சொந்தப் படையையே மிதித்தன. குதிரைப்படை பல்லக்கைச் சூழ்ந்தது. எல்லாம் விதிப்படி, அளந்து, உருட்டி நடந்தது. கூட்டம் இரைச்சலை நிறுத்திவிட்டு உறைந்து பார்த்தது.

"ராயர் பிடிபட்டாருங்க. ஆட்டம் முடிஞ்சுது" என்றார் கையூம் மெதுவாக.

"யாருடா முடிக்கறது?" என்று அந்த அக்கா மகன் மேசையின் விளிம்பில் இடுப்பை வைத்து ஓங்கித் தள்ளினான். மடக்குக் கால் மடிந்தது. மேசை கையூம் இருந்த பக்கம் சரிந்தது. அவர் இரண்டு கைகளையும் நீட்டித் தாங்கப் பார்த்தார். முடியவில்லை. நதியும் மேடுகளும் சேனைகளும் அவர் மேல் கொட்டின. குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஓடிய கால்களுக்கு அடியில் குதிரைகள் நசுங்கின.

வீட்டில் ராமாமணி கையூமின் உள்ளங்கைக்கு மருந்து போட்டுக் கட்டினாள். சசிதர் எதிரே உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டியில் உடைந்த பொம்மைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணா."

"வேண்டாம் அம்மணி. ஊட்டுல தாஜுன்னிசா பயந்துட்டு இருப்பா" என்று எழுந்து போனார்.

சில நாட்களிலேயே ஒரு பேச்சு கிளம்பியது. தோற்றுவிடுவோம் என்ற ஆத்திரத்தில் பாய்தான் மேசையைக் கவிழ்த்தார் என்று. அவர் அப்போது ஜெயித்திருந்தார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. தூரத்தில் நின்றவர்கள் அவர் கை மேசையில் இருந்ததைப் பார்த்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் கடையிலேயே கேட்டார்கள். முதலில் வேடிக்கையாகக் கேட்டார்கள். பிறகு வந்தவர்கள் வேடிக்கையாகக் கேட்கவில்லை. ராயர் சிலையை உடைத்தார் என்றுகூடப் பேச்சு வளர்ந்தது.

செப்டம்பரில் ஒரு காலை கையூம் பவுண்டரிக்கே வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை.

"சங்கத்து மீட்டிங் வருதல்லங்க. அதுல எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சசி. மேசையத் தள்ளினது கையூம் இல்லைன்னு. தள்ளினது யாருன்னுகூடச் சொல்ல வேண்டாம். நான் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாதுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றனுங்க பாய். கண்டிப்பாச் சொல்றேன்."

மீட்டிங்கில் அழகிரிசாமி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மின்கட்டணத்தைப் பற்றிப் பேச்சு நீண்டது. அக்கா மகன் எல்லோருக்கும் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு வந்தான். சசிதர் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த மாதமும் நினைத்தார். கையூம் மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கும் வரவில்லை.

நவம்பர் கடைசியில் ஊர் பற்றிக்கொண்டது. ஒரு போலீஸ்காரர் கொலையானதைத் தொடர்ந்து மதக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. கடைகள் எரிந்தன. சசிதர் கையூம் வீட்டுக்கும் கடைக்கும் மாறி மாறிப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "காரை எடுங்க, போலாம்" என்றாள் ராமாமணி. தெருமுனையிலேயே போலீஸ் திருப்பி அனுப்பியது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, திருப்பி அனுப்பினார்களே என்று தன் மனத்தின் ஒரு ஓரம் ஆறுதல்பட்டதைச் சசிதர் கவனித்தார். அதை ராமாமணியிடம் சொல்லவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் போய்ப் பார்த்தார். கையூமின் கடை இருந்த வரிசையில் ஷட்டர்கள் வளைந்து கருகித் தொங்கின. தரையெல்லாம் கண்ணாடி உருகிக் கட்டிகட்டியாகக் கிடந்தது. குடும்பம் பல்லடத்துக்குப் போய்விட்டதாகவும், யாருக்கும் அடி இல்லை என்றும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

பல்லடத்தில் கையூமின் மனைவி தாஜுன்னிசாவின் தம்பி தறிக் குடோன் வைத்திருந்தார். அதை ஒட்டிய இரண்டு அறைகளில் கையூம் குடும்பம் இருந்தது. தறிச் சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. கையூம் மெலிந்திருந்தார். "வாங்க, வாங்க. உட்காருங்க. தங்கச்சி நல்லா இருக்காங்களா? பஸ்ஸுல வந்தீங்களா, காருலீங்களா?" என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல் விசாரித்தார். அந்த மரியாதையில் சசிதருக்கு உட்கார முடியவில்லை.

"பாய், நான் அந்த மீட்டிங்குல சொல்லியிருந்தா…"

"கடைய அதுக்காக எரிச்சாங்களான்னு கேக்கறீங்களா? தெரியாதுங்க. அந்த வரிசையே போச்சு. என்ற பேரைக் கேட்டுட்டா எரிச்சாங்க? அதை நீங்க சொமக்க வேண்டாம்."

சசிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கையூம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் அவர் சொன்னது கோபமாகவே கேட்டது. "அன்னைக்கு அத்தனை சனம் கத்துச்சுங்க. நான் பயப்படலை. கடை எரிஞ்சப்பக்கூட, கொழந்தைகளைக் கூட்டிட்டுப் போகோணும்கற நெனப்புத்தான். ஆனா நீங்க என்னைப் பாக்காம உருட்டினீங்க பாருங்க. ஒருக்கா என்னைப் பாத்து, 'என்ன பாய் பண்றது'ன்னு கண்ணால கேட்டிருந்தாக்கூட, உருட்டுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். நீங்க பாக்கலை. எனக்கு அதுதானுங்க பயமாப் போச்சு."

தாஜுன்னிசா வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். சசிதர் சாப்பிட்டார். கையூம் அவர் தட்டில் இரண்டாவது முறையும் குழம்பு ஊற்றினார்.

டிசம்பர் மீட்டிங்கில் நிகழ்ச்சி நிரலை வாசிக்கும் முன்பே சசிதர் எழுந்தார். "ஆகஸ்டு கண்காட்சியில மேசையக் கவுத்தது கையூம் பாய் இல்லீங்க. அவரு அதைத் தாங்கிப் பிடிச்சாரு. தள்ளினது செயலாளரோட அக்கா மகன். நான் நேருக்கு நேர் பாத்தேன். இத்தனை நாளா சொல்லாம இருந்தேன்."

யாரோ இருமினார்கள். அக்கா மகன் அன்று வந்திருக்கவில்லை. அழகிரிசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஊரு இருக்கற இருப்புல இப்ப எதுக்கப்பா இது?"

"இப்பவாவது சொல்லோணுமுங்க."

"சொல்லியாச்சல்ல? உக்காரு. அடுத்த விஷயத்துக்குப் போலாம்."

போனார்கள். அரைமணி கழித்துக் காப்பி வந்தது. சசிதரிடம் யாரும் சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு அழகிரிசாமி கம்பெனி வார்ப்புகளை வேறு இடத்தில் வாங்கத் தொடங்கியது. பவுண்டரியில் ஒரு ஷிப்டை நிறுத்த வேண்டி வந்தது. "போனாப் போகுது" என்றாள் ராமாமணி.

மீட்டிங்கில் பேசியதைச் சசிதர் போனில் கையூமிடம் சொன்னார். மறுமுனையில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நம்பினாங்களா?"

"தெரியலீங்க."

"சொன்னது நல்லதுங்க. ஆனா அதுக்காக நான் திரும்ப வந்துருவேன்னு நெனைச்சுக்காதீங்க சசி. இங்கயே ஒரு எடம் பாத்திருக்கேன், கடை போட."

"நெனைக்கலீங்க பாய்" என்றார் சசிதர். அது பொய்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் ஊரில் குண்டுகள் வெடித்தன. அடுத்தடுத்து, பல இடங்களில். சசிதர் வீட்டு வாசல் கேட்டைப் பூட்டினார். ராமாமணி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். எங்கே வெடித்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் ஜனங்கள் காரணமில்லாமல் அங்குமிங்கும் ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, "இனி ஒருத்தரையும் விடக்கூடாதுங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று சசிதர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பல்லடத்துக்குப் போன் செய்யலாமா, இந்த நேரத்தில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றார்.

போன் மணி அடித்தது.

"ஏனுங்க, எல்லாரும் ஊட்டுலதான இருக்கீங்க?" கையூமின் குரல் இரைத்தது. ஓடிவந்து பேசுவதுபோல் இருந்தது. "ரொம்ப நேரமா அடிக்கறேன், லைனே கெடைக்கலை."

"இருக்கோமுங்க பாய். நீங்க? அங்க எப்படி…"

"எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. கதவைச் சாத்திட்டு உள்ளதான் இருக்கோம். இனி என்னாகும்னு தெரியலை." அவர் நிறுத்தினார். மறுமுனையில் தறிச் சத்தம் இல்லை. நிறுத்தியிருந்தார்கள். "நீங்க வெளிய போகாதீங்க. கடை வீதிப் பக்கம் போகவே போகாதீங்க. கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"தங்கச்சிகிட்டப் போனைக் குடுங்க. தாஜு பேசோணுமாம்."

சசிதர் போனை ராமாமணியிடம் நீட்டினார். அவள் வாங்கி, "நாங்க நல்லா இருக்கோம், நீங்க பத்திரமுங்க அக்கா" என்று சொல்லும்போதே அழ ஆரம்பித்தாள். சசிதர் பக்கத்திலேயே நின்றார். அவர்கள் பேசி முடித்தபின் போனைத் திரும்ப வாங்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். பாதியில் லைன் அறுந்துபோனது. அவர் நம்பரைச் சுழற்றினார். கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினார்.